தட்டு மாறிப் போச்சு

டிசம்பர் விடுமுறையில் ஓசூரிலிருந்து நானும் மனைவியும் பெங்களூரு பக்கமுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவின் கிறிஸ்துமஸ் விழாவுக்குப் போயிருந்தோம். அவள் வீகன். இரண்டு வருடமாகப் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. அவளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி எனக்கு அலுத்துவிட்டது.

கடைசிக் கடையில் மனைவிக்கு நெய் படாதது கேட்டதற்கு, பரிமாறிய பெண், "எல்லாத்துலயும் நெய் போட்டிருக்குங்க சார்" என்றார். ஒரு வேளைதானே என்று இரண்டு தட்டு புலாவ் வாங்கிவந்தேன். "நெய் இல்லையாம், கேட்டுட்டேன்" என்று மனைவியிடம் நீட்டினேன்.

அவள் வாயில் வைப்பதற்குள் அந்தப் பெண் ஒரு டிபன் டப்பாவோடு வந்து நின்றார். தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தட்டு மாறிப் போச்சுங்க சார்" என்று மனைவியின் புலாவை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தார். ராகிக் களியும் கீரைக் குழம்பும் இருந்தன. "நெய் படாததுங்கக்கா. சார் கேட்டாரேன்னு எங்க வூட்டுக் களியக் கொண்டாந்தேன்."

"அப்ப உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"எனக்குத்தான் கடையே இருக்குதே."

அவர் போனதும் மனைவி என் பக்கம் திரும்பினாள். "எனக்காக இவ்வளவு மெனக்கெட்டீங்களா?"

நான் தலையாட்டினேன். என் புலாவ் தட்டை ஒதுக்கி வைத்தேன்.

என் பொய்யை ஒரே பார்வையில் கண்டுகொண்டு, என்னைத் தலைகுனிய விடாமல், தன் சாப்பாட்டையும் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது. உண்மையைச் சொல்லவாவது வர வேண்டும். இதை முதலில் படிக்கப்போவது என் மனைவிதான்.