குங்குமம் வைத்த இடத்தில் துளை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஹார்டுவேர் கடையில் ஆண்டிச்சாமி முப்பத்தொரு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறார். கடை இப்போது முகமது ரஃபீக்குடையது, முன்னால் அவருடைய அத்தாவுடையது. முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது, ஆண்டிச்சாமி மட்டும் மாறவில்லை. ஆணி கேட்டு வந்தவனுக்கு ஆணியைக் கொடுத்து அனுப்பும் பழக்கமே அவருக்குக் கிடையாது. என்ன சுவர், என்ன மாட்டப்போகிறாய், எத்தனை கிலோ, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று விசாரணை நடக்கும். பதில் தெரியாதவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். பழனியில் லாட்ஜ் வைத்திருப்பவர் ஒருவர், துண்டு மாட்டுகிற கொக்கி வாங்க வந்து, இவர் கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுவருவதற்காகவே இரண்டாம் தடவை பஸ் ஏறி வந்தார். அந்தக் கொக்கிகள் இன்னும் ஆடாமல் நிற்கின்றனவாம்.

இம்புட்டு ஞானமும் வாயோடு சரி. ஆண்டிச்சாமி தன் கையால் ஒரு திருகாணியை முழுசாக முறுக்கி யாரும் கண்டதில்லை. வீட்டில் காலண்டர் மாட்டுவதென்றால்கூட மச்சினன் மதியழகனுக்குத்தான் ஆள் போகும். "டாக்டர் தனக்குத்தானே ஊசி போட்டுக்குவாரா?" என்று மனைவி சண்முகவள்ளியிடம் ஒருமுறை கேட்டார். "அடுத்தவுகளுக்காச்சும் போட்டிருப்பாருல்ல" என்றாள் அவள்.

அவருடைய விசாரணையில் அதிகம் அடிபட்டவன் தச்சன் ஆல்வின். போன வருஷம் அவன் ஜிப்சம் போர்டு அடித்த சுவரில் அலமாரி மாட்ட, துளையில் சொருகித் திருகாணி முறுக்குகிற பிளாஸ்டிக் பிளக் கேட்டு வந்தான். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஆண்டிச்சாமி பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

"ஏலே, அது சுவரில்ல, அப்பளம். பிளக் செங்கலத்தான் கவ்வும், அப்பளத்தக் கவ்வுமா? ஒரு காந்தத்த எடுத்து போர்டு மேல தேச்சுக்கிட்டே போ. எங்க ஒட்டுதோ அங்கதான் உள்ள தகரச் சட்டம் போகுது. சட்டத்துல கட்டைய முறுக்கி, கட்டை மேல பலகைய வையி. அப்பறமும் பாரத்த சுவரு தலையில ஏத்தாத, கால் குடுத்து தரைக்கு இறக்கு."

ஆல்வின் முகம் சிவந்துபோய், காந்தம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனான்.

இப்படிப்பட்டவருக்கு இந்த வருஷம் சொந்த வீட்டிலேயே ஜிப்சம் சுவரில் மேசை அடிக்க வேண்டிய வேளை வந்தது. மகள் ஜீவிதா இரண்டு வருஷமாகச் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்யச் சிலருக்கு அனுமதி கொடுக்கிறோம் என்றது கம்பெனி. தனி அறை வேண்டும், அதில் ஆடாத அசையாத மேசை வேண்டும், அதில் இரண்டு திரைகள் வைக்க வேண்டும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் வியாழக்கிழமை சென்னை ஆபீசில் இருக்க வேண்டும்.

ஆண்டிச்சாமிக்கு அந்த மேசை வெறும் மேசையாகத் தெரியவில்லை. ஹாஸ்டல் சோற்றில் பிள்ளை இளைத்துப்போய் வந்து நிற்பதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். மேசை நின்றால் மகள் வீட்டோடு, விழுந்தால் அவள் மறுபடி ரயிலில். மதியழகனைக் கூப்பிடலாம் என்று சண்முகவள்ளி சொன்னபோது, "என் மக மேசைய நாந்தான் அடிப்பேன்" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்பதால் அவள் மறுத்துப் பேசவில்லை.

ஜீவிதாவின் அறையில் இருப்பது நான்கு சுவர். ஒன்றில் ஜன்னல், ஒன்றில் கதவு, ஒன்றில் பீரோ. மிச்சமிருந்த கிழக்குச் சுவருக்குப் பின்னால் குளியலறை. அதில் ஓதம் ஏறி, பெயின்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்ததால், ஆண்டிச்சாமியின் யோசனைப்படி அதன் மேல் தகரச் சட்டம் வைத்து ஜிப்சம் போர்டு அடித்து மூடியிருந்தார்கள். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், தட்டினால் பெட்டி மாதிரி சத்தம் வரும். பீரோவை நகர்த்தி அந்தச் செங்கல் சுவரில் மேசையை அடித்திருக்கலாம்தான். ஆனால் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால்தான் உத்தியோகம் நிலைக்கும் என்பதில் சண்முகவள்ளி அசைந்து கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் மூன்றரை முதல் நாலரை வரை. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். மரக்கடையிலிருந்து வர வேண்டிய பலகை மூன்று மணிக்கு வரவில்லை, மூன்றரைக்கும் வரவில்லை. ஆட்டோவில் வந்து இறங்கியபோது மணி நாலு பத்து. ஆண்டிச்சாமி கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த டிரில்லோடு தயாராக நின்றார். சட்டைப் பையில் காந்தம் இருந்தது, காதில் பென்சில் இருந்தது.

அதற்குள் சண்முகவள்ளி பலகைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் கொளுத்தினாள். பலகைக்கு மட்டும் செய்துவிட்டுச் சுவரை விட்டால் குறையாகிவிடுமே என்று, மேசை வரப்போகும் உயரத்தில் சுவரிலும் வரிசையாக மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கும்பிட்டு நிமிரும்போது நாலு இருபத்திரண்டு.

"ஏங்க, இன்னும் எட்டே நிமிசந்தான். ஒரு ஆணியாச்சும் உள்ள போயிரணும்."

காந்தத்தை எடுக்கப் போன கை பாதியிலேயே நின்றது. காந்தத்தை வைத்துத் தேய்த்து, சட்டத்தைக் கண்டுபிடித்து, அளவெடுத்துக் கோடு போடக் குறைந்தது இருபது நிமிஷம் வேண்டும். நல்ல நேரம் இருபது நிமிஷம் தராது. எதிரே மூன்று குங்குமப் பொட்டுகள், அளந்து வைத்த மாதிரி, வரிசையாக, மங்களகரமாக இருந்தன. மனுஷன் யோசிக்கவே இல்லை. பொட்டின் நடுவில் டிரில்லை வைத்து அழுத்திவிட்டார்.

வெண்ணெயில் போவது போலப் போயிற்று. ஆல்வின் இப்படித் துளை போட்டிருந்தால் கடைத்தெருவில் வைத்து மானத்தை வாங்கியிருப்பார். தானே போட்டபோது, தன் கைக்கு இவ்வளவு வாகா என்று பூரித்துப்போனார். பிளாஸ்டிக் பிளக்கைச் சொருகி, பலகையைத் தாங்கும் இரும்புக் கோணங்களை முறுக்கி, அதை ஏற்றியபோது மணி நாலு இருபத்தொன்பது. சண்முகவள்ளி பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஜீவிதா மேசையை மெதுவாகத் தொட்டுப் பார்த்து, "நிக்குமாப்பா?" என்றாள்.

"யானை ஏறி நிக்கலாம் தாயி" என்று சொல்லி, ஆண்டிச்சாமி இரண்டு கையையும் பலகையில் ஊன்றி எம்பினார்.

யானைக்கு வேலையே வைக்கவில்லை. பலகை முன்பக்கமாகச் சாய்ந்து, மூன்று பிளக்கும் மூன்று பிடி ஜிப்சத்தோடு வெளியே வந்து, ஆண்டிச்சாமியும் மேசையும் ஒன்றாகத் தரைக்கு வந்தார்கள். தலையிலிருந்து வேட்டி வரை வெள்ளை மாவு. கம்பெனி அனுப்பிய திரைகள் பெட்டியிலேயே இருந்ததால் பிழைத்தன. பொட்டு இருந்த இடத்தில் மூன்று ஓட்டைகள் அவரைப் பார்த்தன.

"ராகு காலத்துல யாரு உங்கள ஏறிப் பாக்கச் சொன்னது?" என்றாள் சண்முகவள்ளி. பிளக்கின் மீதோ அப்பளத்தின் மீதோ அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஜீவிதா அவர் முதுகில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டாள். பிறகு போனை எடுத்து புதன்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் ஆண்டிச்சாமிக்கு விழுந்த வலி மறந்துபோனது. மானம் போனால் போகிறதென்று ஆல்வினுக்குப் போன் போட்டார். "காலையில முதல் வேலையா வாரேண்ணே" என்றான் அவன்.

முதல் வேலை என்றால் அவனுக்கு ஏழரை மணி. திங்கட்கிழமை ராகு காலம் பிறப்பதும் ஏழரைக்குத்தான். ஒன்பது மணி வரை ஆல்வினைக் காப்பி கொடுத்து உட்கார வைக்கலாமா என்று சண்முகவள்ளி கண்ணால் கேட்டாள். ஒன்பதுக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்கு முடியாது. "நீ அடுப்படிக்குப் போ, பாக்காத" என்றார் ஆண்டிச்சாமி. அவள் போய்விட்டாள், ஆனால் முருகனை நன்றாகக் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆல்வின் ஓட்டைகளைப் பார்த்தான், ஆண்டிச்சாமியைப் பார்த்தான். சிரிப்பான் என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவன் சிரிக்கவில்லை. "அண்ணே, காந்தம் இருக்கா?" என்றான்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போர்டின் மேல் தேய்த்துக்கொண்டே போனான். அது ஒட்டிய இடம் எதுவும் குங்குமத்துக்குக் கிட்டத்தில் இல்லை. "சட்டத்துல கட்டைய முறுக்கணும், கட்டை மேல பலகைய வைக்கணும். பாரத்த தரைக்கு இறக்கணும். நீங்க சொல்லிக்குடுத்ததுதாண்ணே" என்றான். அவன் கேலி செய்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். மரியாதையாகச் சொல்லிவிட்டான், பாவி. ஆண்டிச்சாமி திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

பத்தே முக்காலுக்கு மேசை நின்றது. ஆல்வின் அதன் மேல் ஏறியே நின்று காட்டினான். யாரும் யானையைப் பற்றிப் பேசவில்லை. பதினொரு மணிக்குத் திரையில் ஒரு பெண் வந்து, மேசையைக் காட்டச் சொன்னாள், நாற்காலியைக் காட்டச் சொன்னாள், கதவைச் சாத்திக் காட்டச் சொன்னாள். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஜீவிதா வெளியே வந்து, "ஓகே ஆயிருச்சுப்பா" என்றபோது, ஆண்டிச்சாமி மகளுக்கு முன்னால் அழக் கூடாதென்று கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து, மகள் வீட்டில் இருக்கிற சந்தோஷத்துக்காகவே ஒரு புதன்கிழமை லீவு போட்டார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஜீவிதா யாருக்கோ இங்கிலீஷில் பொறுமையாக, சிரித்துச் சிரித்து விளக்கிக்கொண்டிருந்தாள். டிவி போடக் கூடாது. குக்கர் வைக்கக் கூடாதென்று சண்முகவள்ளி சோற்றையும் வெஞ்சனத்தையும் விடியுமுன்பே முடித்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குத் தட்டில் சோறு போனது, ஒரு மணிக்கு வெறும் தட்டு வந்தது. இரண்டு மணிக்கு ஆண்டிச்சாமி அடக்க முடியாமல் தும்மினார். உடனே அவருடைய போன் முனகியது. பத்தடி தூரத்திலிருந்து மகள் அனுப்பியிருந்தாள்: "அப்பா ப்ளீஸ், லைன்ல கேக்குது. செத்த நேரம் வெளிய போயிட்டு வாரீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கே போனார். போகிற இடம் வேறு ஏது?

"இன்னைக்கு லீவுன்னீங்களேண்ணே" என்றார் ரஃபீக்.

"வீட்டுல ஆபீஸ் நடக்குது பாய்."

அவர் கவுண்டருக்குள் போய் நின்று பெட்டிகளை அடுக்கினார். சாயங்காலம் ஏழரை ஆனபோது ரஃபீக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"முன்னெல்லாம் இந்நேரத்துக்கு மெட்ராஸ்லேர்ந்து பாப்பா போன் வரும். யாவாரத்த விட்டுட்டு வாசல்ல நின்னு அர மணி நேரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவீங்க. இப்ப வாரதில்லையா?"

ஆண்டிச்சாமி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். அவள் கடைசியாகத் தன்னிடம் அப்படிப் பேசியது எப்போது என்று எண்ணிப் பார்த்தார். சென்னையில் இருந்தபோதுதான்.

"இப்ப எதுக்கு பாய் போன் பண்ணப்போறா?" என்றார். "வீட்டுலதான இருக்கா."