அக்கா மூச்சோடு சொன்னது

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. படித்தவர்கள் இருக்கும்போது இந்த நினைவுநாளுக்கு என்னைப் போய் எழுதச் சொல்லிவிட்டார்கள். ஏதாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா இல்லாத என்னை, பால்மரம் வெட்டிக்கொண்டே வளர்த்தவர். ரயில்வேயில் இருந்த அத்தானைக் கட்டி பிரிக்பீல்ட்ஸ் வந்தபோது என்னையும் கூட்டி வந்தார். ஜப்பான்காரன் வந்ததும் என் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதோடு சரி, பிறகு நான் போகவேயில்லை.

அத்தான் கேலிக்காரர். வேலைக்குக் கிளம்பும்போது வேண்டுமென்றே "போறேன்" என்பார். அக்கா வாசலை மறித்து நிற்பார்.

"ஒழுங்கா சொல்லுங்க."

"போறவன் போறேன்னுதானே சொல்லுவான்?"

"வாயைப் பாரு!"

"சரி தாயே, போயிட்டு வரேன்" என்ற பிறகுதான் வழி கிடைக்கும்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்த காலம் அது. ஒரு காலையில் அத்தானையும் லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு பாசார் சந்தைக்கு ஓடினோம். அக்கா அழக்கூடாது என்றுதானோ என்னவோ, அத்தான் சிரித்தபடி பழைய கேலியையே எடுத்தார். "போறேன்!"

"ஒழுங்கா சொல்லுங்க!" அக்கா கத்தினார்.

அத்தானின் வாய் அசைந்தது. லோரிச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு அக்காவுக்குத் தூக்கமில்லை. கோயிலில் ஒரு சாமியார் தியானம் பழக்கினார். கண்ணை மூடி எதையும் நினைக்காதே என்றார். "மூடினா லோரிதான் சாமி வருது" என்று அக்கா எழுந்து வந்துவிட்டார்.

ஒரு நாள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே தனக்குள் முணுமுணுத்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று கிட்டப் போய்க் கேட்டேன்.

"யாருகிட்டக்கா பேசுறே?"

"மூச்சு வெளிய போறப்ப 'போயிட்டு'ன்னு சொல்றேன். உள்ள வர்றப்ப 'வரேன்'னு சொல்றேன். அவர் சொன்னது காதுல விழலையில்ல?"

"இதுவா தியானம்?"

"சாமியோடது சாமிக்கு. எனக்கு இதுலதான்டி நெஞ்சு அடங்குது."

கிழங்கைத் தின்று கிடந்த அந்த வருஷங்களை அக்கா அப்படித்தான் தாண்டினார். சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஆட்கள் திரும்பினார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டோம். அத்தானைக் கண்டவர் யாருமில்லை. காரியம் செய்துவிடச் சொன்ன உறவினரிடம், "அவர் இன்னும் ஒழுங்கா சொல்லிட்டுப் போகலையே" என்றார். பொட்டையும் அழிக்கவில்லை. பிறகு தையல் தைத்துப் பிழைத்து, எனக்கும் கல்யாணம் செய்து வைத்தார்.

கடைசியில் கிள்ளானில் என் வீட்டில்தான் படுத்திருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "போயிட்டு" என்றது கேட்டது. அடுத்த சொல்லுக்காகக் குனிந்து காதை வைத்தேன். அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், தூக்கிச் சென்ற தம்பிகளுக்கும் எங்கள் நன்றி. சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் முறை. நீங்களும் அன்று அப்படித்தான் போனீர்கள். இன்று மட்டும், சாப்பிட்டுக் கிளம்பும்போது, அக்கா படத்துக்கு முன்னால் நின்று "போயிட்டு வரேன்" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.