கிளறன்ஸ் வார்னிஷ் பூசிய குருவிக்கூடுகள்

வேலையில் இருந்த காலமெல்லாம் கிளறன்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கை குறுகுறுக்கத் தொடங்கியது. நன்றாகச் சுழன்ற மின்விசிறியைக் கழற்றிப் பூட்டினார். இரண்டு திருகாணி மிஞ்சியது, விசிறி சுழலவில்லை. றேடியோவுக்கும் அதே கதிதான். "வேற எதையாவது பிடியுங்கோ, என்ர மிக்ஸியில மட்டும் கை வைக்காதேங்கோ" என்று மனைவி றோஸி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படிப் பிடித்ததுதான் சுரைக்காய்.

கிராண்ட்பாஸ் சந்தையில் முற்றிப்போன சுரைக்காய்களை யாரும் சீண்ட மாட்டார்கள். கிளறன்ஸ் அவற்றைத்தான் தட்டித் தட்டிப் பொறுக்குவார். தின்ன முடியாது என்று கடைக்காரன் "கண்ட பே, அங்கிள்!" என்று சிங்களத்தில் தலையிலடித்துக்கொள்வான். வீட்டு மேல் கொங்கிறீட் தட்டில் மாதக்கணக்கில் காயவிட்டு, உள்ளே விதை கலகலவென்று ஆடும்போது எடுத்து, நனைத்து, பூஞ்சணத்தோலைச் சுரண்டுவார். பிறகு வாசல். காகத்தின் தலை நுழையக்கூடாது, குருவி தோளைச் சுருக்கி நுழைய வேண்டும். கடைசியாக சைக்கிள் கம்பியைப் பழுக்கச் சுட்டு அடியில் சின்னச் சின்னத் துளைகள் போடுவார். சாரல் உள்ளே அடித்தால் தண்ணீர் இறங்கிப் போவதற்கு.

குருவி கூடு கட்டிய வீட்டில் நல்லது நடக்கும் என்று அந்தக் குறுகலான ஒழுங்கையில் நம்பாதவர் இல்லை. கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், புத்தரை வணங்கப் பன்சலைக்குப் போகிறவர் எல்லோரும் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப்போய்க் கட்டினார்கள். வெறும் சுரைக்குடுக்கையாகவே கொடுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் மனுசனுக்குப் புகழ் ருசித்துவிட்டது. பெயின்ட் வாங்கினார். முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு இலை, பிறகு குடுக்கையின் அடிப்பக்கம் முழுக்க விரிந்த பெரிய செம்பருத்திப் பூ. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்காம்! குருவி அதைப் பார்க்கப் போவதில்லை என்று றோஸி சொன்னதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய பூவில் யாரும் விரல் வைக்கக்கூடாது. எதிர்வீட்டு டிலான் ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்கிய ஏச்சை ஒழுங்கையே கேட்டது.

இந்த வருசம் அதற்கும் ஒருபடி மேலே போய், பூவின் நிறம் மங்காமலிருக்கக் குடுக்கையை அப்படியே வார்னிஷ் வாளிக்குள் முக்கியெடுத்தார். பளபளவென்று வந்தது. ஒன்றைத் தன் வாசலில் தொங்கவிட்டார். ஒன்று டிலானுக்கு. இன்னொன்று பக்கத்து வீட்டு லுத்பியாவின் மகள் ஷஸ்னாவுக்கு. அந்தப் பிள்ளை முதல் பிள்ளைத்தாச்சி. அவள் அறை ஜன்னலுக்கு நேரே தானே ஏணி வைத்து ஏறிக் கட்டிக் கொடுத்தார்.

அதன்பிறகு மழை பிடித்தது. வாரக்கணக்கில் விட்டுவிட்டுப் பெய்தது. ஒருநாள் காலை வாசலில் நின்றவருக்குத் தன்னுடைய குடுக்கை காற்றில் ஆடாமல் கனத்துத் தொங்குவது கண்ணில் பட்டது. இறக்கிச் சரித்தார். கறுத்த தண்ணீர் கொட்டியது. தரையில் சிந்திய தண்ணீரில் நுளம்புப் புழுக்கள் நெளிந்தன.

அடியைத் திருப்பிப் பார்த்தார். ஒரு துளைகூட இல்லை. வார்னிஷ் எல்லாவற்றையும் வடிவாக அடைத்துவிட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் றோஸி வெளியே வந்தாள். "விசயம் தெரியுமே? ஷஸ்னாவுக்குக் காய்ச்சல் விடுதில்லையாம். விடியவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டினம். டெங்கோ எண்டு பயப்படினம், பாவம், வயித்தில பிள்ளையோட."

கிளறன்ஸ் தரையைக் காட்டினார். றோஸி பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.  

டிலான் வீட்டுக்கு ஓடி அங்கிருந்ததைக் கழற்றினார். அதற்குள்ளும் தண்ணீர். இரண்டையும் உடைத்து நொறுக்கினார். லுத்பியாவின் கேற் பூட்டியிருந்தது. அவர்கள் வீட்டுக் குடுக்கை மதிலுக்கு அந்தப்பக்கம், எட்டாத தூரத்தில், பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. மதிலேறிக் குதித்துக் கழற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததற்கே வெட்கப்பட்டார். அந்தப் பிள்ளைக்கோ வயிற்றில் இருப்பதற்கோ ஏதாவது நடந்தால், கூடு இருந்தாலென்ன, உடைத்தாலென்ன? மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. செபமாலையை எடுத்தவருக்கு அருள்நிறை மரியே பாதியில் மறந்துபோனது.

பின்னேரம் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. லுத்பியா இறங்கினாள். அவள் கேற்றைத் திறக்கும் முன்பே கிளறன்ஸ் போய் முன்னால் நின்றார். என்ன ரிப்போட் என்று கேட்டுவிட்டுப் பேசுவதா, பேசிவிட்டுக் கேட்பதா என்று நாள் முழுக்க யோசித்திருந்தார். கேட்டால் பிறகு சொல்லத் துணிவு வராது என்று தெரியும்.

"லுத்பியா, பிள்ளைக்கு வந்தது என்னாலதான். நான் கட்டின கூட்டில தண்ணி நிண்டு நுளம்பு பெருகியிருக்கு. வார்னிஷ் ஓட்டையை அடைச்சிட்டுது. என்ன வேணுமெண்டாலும் சொல்லு, கேக்கிறன்."

லுத்பியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்னத்தப் பேசுறீங்க, அண்ணே? டெங்கு இல்ல. ரிப்போட் வந்திட்டு. சும்மா வைரஸ் காய்ச்சலாம். வயித்துப் புள்ளயும் நல்லா ஈக்குது. நாளைக்குத் துண்டு வெட்டி ஊட்டுக்கு அனுப்புறாங்க, அல்ஹம்துலில்லாஹ்."

கிளறன்ஸ் மதிலைப் பிடித்துக்கொண்டார்.  காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

"எண்டாலும் அந்தக் கூட்டை இப்பவே கழட்ட வேணும்," என்றார். "அதிலயும் தண்ணி நிக்கும்."

லுத்பியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே போனை எடுத்து மகளைப் பிடித்தாள். "இந்தா, கிளறன்ஸ் அங்கிள் கூட்டக் கழட்டப் போறாராம். நீயே செல்லு." போனை அவர் கையில் கொடுத்தாள்.

மறுமுனையில் ஷஸ்னாவின் குரல் களைத்திருந்தது, ஆனால் அதைவிட அதிகமாகப் பயந்திருந்தது. "அங்கிள், ஏச வேணாம். அதுல குருவி முட்ட வெச்சீக்கி, கழட்ட வேணாம். தண்ணியெல்லாம் நிக்காது. நீங்க கட்டித் தந்த அண்டைக்கே பாத்தேன், அடியில ஓட்டயே இல்ல. மழை பேஞ்சா குஞ்சு நனைஞ்சிருமேண்டு, பின்னல் ஊசியச் சூடாக்கி ஜன்னலால கைய விட்டுக் குத்திட்டேன். பூவுட நடுவுல. வடிவான பூ, பழுதாப் பெய்த்து. ஒங்களுக்குத் தெரிஞ்சா கோவம் வருமேண்டுதான் செல்லல்ல."

கிளறன்ஸ் கேற்றுக்குள் நாலடி வைத்து அண்ணாந்து பார்த்தார். செம்பருத்தியின் நட்ட நடுவில் கருகிய ஓட்டைகள், கோணல்மாணலாக. ஒரு இதழ் பாதி உரிந்திருந்தது. வைக்கோல் நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அங்கிள்? கோவமா?"

அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒழுங்கைக்கே கேட்கும்படி போனுக்குள் கத்தினார்.

"என்ர பூவைப் பழுதாக்கினதுக்கு ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார், மகள்!"