சத்தமா, படமா

பிச்சையாவைப் பற்றி யாராவது விசாரித்தால் அவர் மனைவி தேவகுமாரி ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "நல்ல மனுசந்தான். ஆனா எதையாவது முடிவெடுக்கச் சொல்லிராதீங்க." இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. செருப்பு வாங்கப் போனால் கடையிலிருக்கிற அத்தனை ஜோடியையும் இறக்க வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய செருப்பைத் தைத்து மாட்டிக்கொண்டு திரும்பி வருகிற ஆள் அவர். தேவகுமாரியைப் பெண் பார்க்க வந்தபோதும் காப்பியைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேங்க" என்று போனவர், அடுத்த வருசம் காப்பிப் பழம் சிவந்தபிறகுதான் வந்து சரி என்றார். அதுவரைக்கும் காத்துக் கிடந்த தன் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மற்றபடி குறை சொல்ல முடியாது. குடி இல்லை, சீட்டு இல்லை, யாரோடும் வம்பு இல்லை. பெரும்பாறைத் தோட்டத்தில் ஏணி போட்டு மிளகுக் கொடியில் ஏறுவதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. பிறந்தது சிலோனில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். மீசை முளைக்காத வயதில் இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கோச்சி ஏறி, அதாவது ரயிலேறி, தலைமன்னார் போய், கப்பலில் வந்திறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து ஒட்டிக்கொண்ட குடும்பம். நடுவில் கொஞ்ச காலம் ரோட்டு வேலைக்குப் போய்ப் பாறைக்கு வெடி வைத்ததில் இடது காது போயிற்று. ஒரு பக்கம் பேசினால்தான் கேட்கும். கேட்டாலும் பதில் வர நேரமாகும், அது வேறு விசயம்.

அவருடைய அக்கா கருப்பம்மாள் மட்டும் கப்பலில் வரவில்லை. அவளை அங்கேயே கட்டிக்கொடுத்தாகிவிட்டது. புருசன் அந்த நாட்டுக்காரனாகப் பதிந்தவன். அவளும் அங்கேதான் என்றாகிவிட்டது. எந்த நாடு என்று கேட்ட அதிகாரியிடம் பிச்சையாவின் அப்பா சட்டென்று இந்தியா என்று சொல்லிவிட்டு வந்தார். ஸ்டேசனில் கருப்பம்மாள் கோச்சிக்குப் பின்னாலேயே ஓடி வந்து கத்தினாளாம். என்ன கத்தினாள் என்பது கூட்டத்தின் அழுகையில் பிச்சையாவுக்குக் கேட்கவில்லை. "எங்கப்பா ஒரே நிமிசத்துல முடிவெடுத்தாரு" என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் தேவகுமாரியிடம் சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, அவளும் கிளறவில்லை. தபால் வந்துகொண்டிருந்ததும் இடையில் நின்றுபோயிற்று.

இரண்டாயிரத்தெட்டில், கோத்தகிரியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் கருப்பம்மாளின் மகன் சுப்புராஜின் போன் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிச்சையா அன்று சாப்பிடவில்லை. மறுநாளே கீழே வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய், வெளிநாட்டுக்குப் பேசுகிற பூத்தில் நம்பரைப் போடச் சொன்னார். சுப்புராஜ்தான் எடுத்தான்.

"மாமா, நான் கொழும்புல வேல செய்யிறேன். அம்மா தோட்டத்துலதான் இருக்கு. போயாவுக்குப் போயாதான் வீட்டுக்குப் போவேன். அங்கேயும் மேட்டுல ஏறுனாத்தான் சிக்னல் கெடைக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, எந்நேரம் ஏறும்னு சொல்ல ஏலாது. நீங்க ஒரு போன் வாங்கி நம்பரச் சொல்லுங்க. ஏறுனதும் நாங்களே எடுக்கிறோம்."

போயா என்றால் பௌர்ணமி. அந்த நாட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடுமுறை. ஆக, மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அக்காவின் குரல் வரும். அதற்கு ஒரு போன் வேண்டும். விசயம் இவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் பூத்தை விட்டு இறங்கி எதிர்க்கடையில் போனை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்.

பிச்சையாவும் எதிர்க்கடைக்குப் போனார். ராஜமுருகன் என்கிறவரின் கடை. ரொம்பப் பொறுமைசாலி. கையில் இருந்த காசுக்குத் தோதாக இரண்டு போன்களை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டும் ஒரே விலை. ஒன்று ஒல்லியாக, பளபளவென்று, கலர் திரையோடு இருந்தது. "படம் புடிக்கலாம்ணே. அந்தப் பக்கம் படம் எடுத்து அனுப்புனாங்கன்னா இதுல மொகம் தெரியும்." இன்னொன்று குண்டாக, செங்கல் கணக்காக இருந்தது. "இதுல படம் வராது. ஆனா சத்தம் ஊரைக் கூட்டும். பேசுறதும் கணீர்னு கேக்கும்." பிச்சையா இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"வெறுங்கையோட வந்து நிக்கிறீகளே, என்ன சோலிக்குப் போனீக?" என்றாள் தேவகுமாரி.

"படம் வர்றத வாங்கினா அக்கா மொகத்தப் பாக்கலாம். சத்தமா கேக்குறத வாங்கினா அக்கா பேசுறது இந்தக் காதுல நல்லா விழும். ரெண்டும் ஒண்ணுலயே இருந்தா தேவலை."

"இல்லேல்ல? இல்லேன்னா ஏதாச்சும் ஒண்ணத் தூக்கிட்டு வர்றதுதான?"

"யோசிப்போம் புள்ள."

அந்த வார்த்தையைக் கேட்டாலே தேவகுமாரிக்கு உச்சந்தலைக்கு ஏறும். யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெள்ளனே எழுந்து பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டுக்கு யோசிக்கப் போனார். ராஜமுருகன் அவர் தலையைக் கண்டதுமே இரண்டு போன்களையும் எடுத்து வைத்துவிட்டு மற்ற சோலியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒரு போயா போயிற்று. அதற்கடுத்த போயாவும் போயிற்று. நிலா மலைக்கு மேலே தட்டுப் போல வந்து நிற்கிறபோதெல்லாம் பிச்சையா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தேவகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அதைப் பாத்து என்ன செய்ய? அதுவா வந்து பேசும்?"

மூன்றாவது போயாவுக்கு முன்னால் அவளே வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டாள். கடைக்குள் நுழைந்தவள் உட்காரக்கூட இல்லை. வழியெல்லாம் ஒரே எண்ணம்தான் அவளுக்கு. மொகத்தைக் காட்டினால் இந்த மனுசன் அடங்குவார். "அந்தப் படம் வர்றதக் குடுங்க" என்றாள். ராஜமுருகன் அவளைக் கும்பிடாத குறைதான். சிம்மையும் போட்டு, சுப்புராஜுக்கு நம்பரையும் பூத்திலிருந்து சொல்ல வைத்து, மத்தியான பஸ்ஸுக்கே அவளை அனுப்பிவிட்டார். இதற்கு இவ்வளவு நேரம்தான் ஆகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாறையில் அப்போது டவர் எல்லா இடத்திலும் கிடைக்காது. தோட்டத்தில் காப்பிப் பழம் தோலுரிக்கிற மிசின் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் உண்டு. அதனடியில் மட்டும்தான் சிக்னல் கோடு ஏறும். போன் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் காலையில் வேலைக்குப் போகும்போது போனைப் பாலிதீன் பையில் போட்டு அந்த மரத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அடித்தால் பக்கத்தில் களம் கூட்டுகிற மூக்கம்மா எடுத்துப் பையில் எழுதியிருக்கிற பேரைப் பார்த்து, "யே இன்னாரே" என்று கூவுவாள். கொடியில் இருக்கிறவர்கள் இறங்கி ஓடி வருவார்கள். இதுதான் அந்தத் தோட்டத்து நடைமுறை.

போயா அன்றைக்குத் தேவகுமாரியும் புதுப் போனை மாட்டப் போனாள். மலையை மூடி மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. புதுப் பொருள், ஈரம் பட்டுவிடக்கூடாது. பாலிதீன் பை ஒன்று போட்டாள். மனசு கேட்கவில்லை, இன்னொன்று போட்டாள். அதற்கு மேலே பிச்சையாவின் கம்பளிக் குல்லாவை எடுத்து மாட்டி, நன்றாகச் சுற்றி, ஒரு நூலால் இறுக்கக் கட்டி ஆணியில் தொங்கவிட்டாள். பிள்ளைக்குக் குளிருக்குப் போர்த்துவது மாதிரிதான் செய்தாள். தோட்டத்தில் வேறு எவரும் இப்படிச் செய்ததில்லை. ஒல்லிப் போனுக்கு ஏற்கெனவே வண்டு சத்தம். அன்று மிசினும் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கம்மா காது வைத்துக்கொண்டுதான் இருந்தாள், பாவம்.

சாயங்காலம் குல்லாவைக் கழற்றினால் திரையில் அத்தனை தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே நம்பர், வெளிநாட்டு நம்பர். பிச்சையா திரும்பக் கூப்பிடச் சொன்னார். இந்த வசதி உங்கள் இணைப்பில் இல்லை என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. மறுநாள் பூத்துக்கு ஓடினார்கள். சுப்புராஜ் கொழும்புக்குத் திரும்பிவிட்டிருந்தான். "அம்மா மேட்டவிட்டு எறங்கமாட்டேன்னுருச்சு மாமா. இருட்டுற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்துச்சு."

பிச்சையா பூத்துக்காரருக்குக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவகுமாரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கோபத்தோடு நேரே ராஜமுருகன் கடைக்குப் போய், படமாவது எப்போது வரும் என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பக்கமும் இதே மாதிரி போன் இருக்கணும்க்கா. அப்புறம் ரெண்டு கம்பெனியும் அதுக்குத் தனியா இணைப்புக் குடுக்கணும். வெளிநாடுன்னா வருமான்னு எனக்கே சரியாத் தெரியல."

"இத மொதல்லயே சொல்லித் தொலையிறதுக்கென்ன?"

"அண்ணன் மூணு மாசமா வந்தாரு. ஒரு வார்த்த கேக்கலியேக்கா."

அதுவும் நியாயம்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தேவகுமாரி பஸ் ஏறினாள். ஒருத்தர் முடிவெடுக்காமல் கெடுத்தார், ஒருத்தி அவசரப்பட்டு முடிவெடுத்துக் கெடுத்தாள். வீட்டில் இரண்டு பேர் இருந்து ஒரு போனை ஒழுங்காக வாங்கத் துப்பில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையாக வந்தது.

அடுத்த போயாவுக்குப் பிச்சையா வேலைக்குப் போகவில்லை. விடியும்போதே போனைக் கையில் எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவோ சொல்லியும் கஞ்சி குடிக்க எழுந்து வரவில்லை. தேவகுமாரி தூக்குவாளியில் கஞ்சியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, திட்டிக்கொண்டே தானும் உட்கார்ந்தாள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

வெயில் சாய்கிற நேரத்தில் போன் முனகியது. பிச்சையா அதை உற்றுப் பார்த்தார். அது முனகிக்கொண்டே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுக்குமா யோசன? அமுக்குங்க" என்று தேவகுமாரியே பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மனுசன் போனைக் கொண்டுபோய்ச் செவிட்டுக் காதில் வைத்தார். அவள் பிடுங்கி மற்றக் காதில் ஒட்டி, தானும் தலையைச் சாய்த்து ஒட்டிக்கொண்டாள்.

"தம்பியா?" என்றது குரல். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, அக்கா பேசுறேன். கேக்குதா?"

பிச்சையா தலையை மட்டும் ஆட்டினார். தேவகுமாரி அவர் தொடையில் ஒன்று வைத்தாள்.

"கேக்குது" என்றார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்." பச்சைப் பொய். கஞ்சி தூக்குவாளியில் அப்படியே இருந்தது. "நீ?"

"பாண் சாப்ட்டேன்." அங்கே ரொட்டிக்குப் பாண் என்று பேர். "மழ பேயிதா அங்க?"

"இல்ல. அங்க?"

"இங்க தூறுது."

தேவகுமாரிக்குத் தாங்கவில்லை. இத்தனை வருசம் கழித்து, இத்தனை போயாவைத் தொலைத்துவிட்டு, அக்காவும் தம்பியும் மழையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தாற்போல் அந்தப் பக்கமிருந்து வந்தது அதைவிட மோசம்.

"தம்பி, எனக்குன்னு ஒரு போன் எடுத்துத் தாரேங்கிறான் மகன். அட்டன்ல ரெண்டு பாத்து வச்சிருக்கான். ஒண்ணுல படம் புடிக்கலாமாம். ஒண்ணு நல்லா சத்தமாக் கேக்குமாம். ஒரு மாசமா யோசிக்கிறேன், எது எடுக்கன்னு எனக்கு ஒண்ணும் வெளங்குதில்ல. நீ சொல்லு."

தொலைந்தது என்று நினைத்தாள் தேவகுமாரி. இனி இந்த மனுசன் யோசிப்போம் என்பார், அந்தம்மாவும் சரி என்பாள், வருசம் போய்விடும். அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமாக் கேக்குறத எடு அக்கா" என்றார் பிச்சையா. கண் இமைக்கக்கூட இல்லை. "படம் வேணாம். ஒம் மொகம் எனக்கு நல்லா நெனவிருக்கு. கொரலுதான் மறந்து போயிருந்துச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

தேவகுமாரிக்குக் கோபமென்றால் கோபம். இந்த ஒரு பேச்சை அன்றைக்கே வத்தலக்குண்டுக் கடையில் பேசியிருந்தால் அந்தம்மா இருட்டும் வரைக்கும் அந்த மேட்டில் உட்கார்ந்திருப்பாளா? திட்ட வாயைத் திறந்தாள். அதற்குள் போன் பிச்சையாவின் காதை விட்டு நழுவிக்கொண்டே போயிற்று. அவள் தன் கையையும் வைத்து அதை அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பேசுங்க" என்றாள்.