ஹாம்பர்க்கிலிருந்து வந்த பழுப்புச் சட்டை

பள்ளித் தோழி கேத்ரின் ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து மாரீஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் லேபில் அவளுக்கு வேலை. நூலை மெஷினில் மாட்டி, அறுகிறவரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுதிவைக்க வேண்டும். அந்த வாரம் இரண்டு தடவை நூல் அறுந்த பிறகும் எழுதாமல் நின்றாள். "என்னம்மா, வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். ஒரு புட்பால் சட்டைக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறேன் என்று முப்பத்தோரு வயதில் அவரிடம் எப்படிச் சொல்வது?

மாரீஸ்வரி பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். பள்ளிக்கூட டீமில் இடது ஓரம் அவளுடையது. கேத்ரின் கோல்கீப்பர். யாரோ ஒருவர் இலவசமாகக் கொடுத்த துணியில் பி.டி. டீச்சர் அவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். காக்கியிலும் சேராத, சிவப்பிலும் சேராத ஒரு பழுப்பு. எதிர் டீம் பிள்ளைகள் "சாக்கு டீம் வந்துருச்சு டோய்" என்று கத்துவார்கள். அந்தச் சட்டையிலேயே மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை போனார்கள். பிறகு பரீட்சை, வேலை, சேத்தூரில் கல்யாணம் என்று எல்லாம் வரிசையாக வந்தன. கணவன் முத்துப்பாண்டி ராணுவத்தில். லீவு கிடைக்கும்போது வருவான், போவான்.

கொரோனா ஊரடங்கில் மில் மூடிக் கிடந்த ஒரு சாயங்காலம், போனைத் தள்ளிக்கொண்டிருந்தவள் கண்ணில் ஒரு ஆட்டம் பட்டது. காலி மைதானம். ஓடிக்கொண்டிருந்தவர்கள் உடம்பில் பழுப்புச் சட்டை. "சாக்கு டீம்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய பேட்டை கிளப் அது, பெயர் சங்க்ட் பவுலி. பெரிய கோப்பை எதையும் ஜெயித்ததில்லை. எந்தக் கோடீஸ்வரனும் அதற்கு முதலாளி இல்லை. ஆனாலும் தேசம் தேசமாக அதற்குப் பைத்தியங்கள் இருந்தார்கள். சேத்தூரில் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். மாமியார் வெள்ளத்தாய், மருமகள் சனிக்கிழமை தோறும் ஏதோ சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நர்ஸிங் முடித்த கேத்ரினுக்கு அதே ஹாம்பர்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததுதான் அதிசயம். மாரீஸ்வரி இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. கேத்ரினின் தம்பி ஜெபினுக்கு ஈஸ்டர் கழித்துக் கல்யாணம் என்று முடிவானதும்தான் கேட்டாள்.

"ஏட்டி, வரும்போது எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாரியா?"

"என்ன, செண்ட்டா?"

"சாக்கு டீம் சட்டை."

கேத்ரின் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது. பிப்ரவரியில் "வாங்கிட்டேன்டி" என்று மெசேஜ் வந்தது. மாரீஸ்வரி அதை எத்தனை தடவை திறந்து பார்த்தாளோ.

கல்யாணத்தன்று பட்டுச் சேலையும் தோளில் ஒரு கைப்பையுமாகக் கேத்ரின் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி அருகில் போனதும், "பெட்டி மதுரையில அத்தை வீட்ல இருக்குடி. வியாழக்கிழமை வீட்டுக்கு வா, தாரேன்" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் மாரீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். கேத்ரின் வீட்டு வாசலில் அவள் அம்மா வேதமணி தலையில் கைவைத்தார்.

"அவ பொண்ணு வீட்டு ஆளுகளோட பிளவக்கல் டேம் பாக்கப் போயிட்டாளே. நாளைக்கு விடியக்காலம் மதுரைக்குப் போயி பிளைட் ஏறணும். நீ வாரதா அவ சொல்லவே இல்லையே தாயி."

"சட்டை ஏதும் குடுத்துட்டுப் போயிருக்காளாம்மா?"

"எந்தச் சட்டை?"

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மாரீஸ்வரியின் கால் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் நடந்தது. வத்திராயிருப்பு வரை ஒரு பஸ், அங்கிருந்து பிளவக்கலுக்கு மினி பஸ். வழியில் வெள்ளத்தாய் போனில் வந்தார். "ஏட்டி, எங்க இருக்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் அத்தை. செத்த நேரத்துல வாரேன்."

மினி பஸ் மலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. தான் சொன்ன பொய் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. மரத்தடியில் பெண் வீட்டார் வட்டமாக உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரியைப் பார்த்ததும் கேத்ரின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ எப்படிடி இங்க?"

"பஸ்ஸுலதான். சட்டை எங்க?"

கேத்ரின் அவளைத் தனியே கரைப்பக்கம் கூட்டிப் போனாள். தோளிலிருந்த கைப்பையைத் திறந்தாள். கல்யாணத்தன்று தொங்கிய அதே பை. உள்ளே மடித்து வைத்திருந்தது பழுப்புச் சட்டை. அதன்மேல் கவர் இல்லை, அட்டை இல்லை. துவைத்துத் துவைத்துக் கழுத்து கொஞ்சம் தளர்ந்திருந்தது. கை ஓரத்தில் ஒரு காப்பிக் கறை.

"மதுரையில இருக்குன்னு சொன்னது பொய்டி" என்றாள் கேத்ரின். "பத்து நாளா இதைத் தூக்கிட்டேதான் அலையிறேன். வாங்குன அன்னைக்குச் சும்மா போட்டுப் பாத்தேன். கூட வேலை பாக்குறவ ஒருத்தி, மேட்ச் டிக்கெட் ஒண்ணு மிச்சம் இருக்கு வாரியான்னா. இதைப் போட்டுக்கிட்டே போயிட்டேன். கோல் விழுந்ததும் பக்கத்துல நின்ன பொம்பள என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு வருஷமா அந்த ஊர்ல என்னை ஒரு ஆள் கட்டிப் பிடிச்சதில்லடி. அதுக்குப் பொறவு டிக்கெட் கிடைக்கிற அன்னைக்கெல்லாம் போறேன்."

மாரீஸ்வரிக்குக் காது சூடேறியது. ஆட்டக்காரர் பெயரெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எவனுக்கு எந்த முழங்காலில் அடி என்பதுகூடத் தெரியும். மைதானத்தில் நின்றது கேத்ரின்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"எப்படிச் சொல்ல? அது உன் டீம்டி. உனக்குப் புதுசு ஒண்ணு அனுப்புறேன். இதை நான்…"

"குடு" என்று மாரீஸ்வரி கையை நீட்டினாள்.

அவள் குரல் அவளுக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. கேத்ரின் சட்டையைச் செத்த நேரம் பிடித்திருந்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். கிளம்பும்போது கேத்ரின்தான் முதலில் கட்டிப் பிடித்தாள்.

வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது மாரீஸ்வரி சட்டையை எடுத்து, பழக்கத்தில், துணியை இரு விரலால் தேய்த்துப் பார்த்தாள். முழுப் பாலியஸ்டர். ஊர் தெரியாத ஏதோ சோப்பு வாசம். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது. "நீயும் ஒண்ணு வாங்கிக்கோடி. போட்டுக்கிட்டுப் போ" என்று மெசேஜ் அனுப்பினாள். "வாங்கிட்டுப் போட்டோ அனுப்புறேன்" என்று உடனே பதில் வந்தது.

வீட்டில் வெள்ளத்தாய் சட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இந்தப் பனியனுக்கா இம்புட்டு நேரம்?"

சனிக்கிழமை சாயங்காலம் மாரீஸ்வரி அதைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தாள். தோளில் கச்சிதமாக இருந்தது. ஆனால் ஆட்டத்தில் மனசு நிற்கவில்லை. பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் முகம் முகமாகத் தேடினாள். அங்கே நின்றால் எப்படி இருக்கும்? குளிர் எப்படி அடிக்கும்? கட்டிப் பிடிக்கிற பொம்பளை எந்தப் பக்கம் நிற்பாள்? ஐந்து வருஷமாகச் சட்டை கிடைத்தால் போதும் என்றிருந்தவளுக்கு, கிடைத்த மூன்றாம் நாளே அது போதவில்லை.

இடைவேளை விட்டதும் எழுந்தாள்.

"அத்தை, என் ஸ்கூல் சர்டிபிகேட்டும் ஆதாரும் பீரோவுலதான இருக்கு?"

"எதுக்குட்டி?"

"பாஸ்போர்ட் எடுக்கணும்."

வெள்ளத்தாய் வெற்றிலை மென்றதை நிறுத்தினார். "என் மவனே பட்டாளத்துல பெட்டியும் மூட்டையுமா ஊர் ஊரா அலையுதான். நீ எங்க போகப்போற?"

"தெரியல அத்தை. எடுத்து வப்போம்."

வெள்ளத்தாய் அவள் முகத்தையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். இடுப்பில் சொருகியிருந்த பீரோ சாவியை எடுத்துக்கொண்டு மெல்ல உள்ளே போனார். மாரீஸ்வரி போனைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே நடந்தாள். இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது.