காயாத கம்பளி

கொட்டகலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் மாணவி வள்ளியின் மாமா அருகில் வந்து, "நம்ம ஸ்டெல்லா டீச்சர் போயிட்டாங்க சார்" என்றார். நெஞ்சுவலி என்றதும் தேயிலைத் தோட்டத்து லொறியைக் கேட்டிருக்கிறார்கள். அது துரை பங்களாவுக்கு விறகு ஏற்றப் போயிருந்ததாம். கம்பளியில் தொட்டில் கட்டி பூண்டுலோயா வீதியை நோக்கித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பாதி வழியில் முடிந்துவிட்டது. இதற்கு விதி என்று யாரும் பெயர் வைக்காதீர்கள்.

டீச்சரை அறிந்தவர்கள் அவருடைய 'ஈரக் கம்பளி' நாவலையும் அறிவீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. அதில் ஒரு பெண்ணின் அப்பா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கிடைக்காமல் சாகிறார். எங்கள் லயத்து வீடுகளில் செத்தவரின் கம்பளியைக் கருமாதி முடியும்வரை ஆணியிலிருந்து எடுப்பதில்லை. நாவலில் வரும் அம்மா அதற்குப் பிறகும் எடுக்க விடுவதில்லை; வேலைக்குப் போவதில்லை, பேசுவதுமில்லை. மாலையானால் அப்பா வந்து அதைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே குளிர்காய்கிறார். கடும் வெயில் காலத்திலும் அந்தக் கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

எனக்கு ஆத்திரம். லொறி தராதவனை விட்டுவிட்டு ஆவியை எழுதுவதா என்று ஆசிரியர் அறையில் சண்டை பிடித்தேன். அவர் தேங்காய் ரொட்டியைப் பிட்டுப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"லொறி வரல. அத எழுதியிருக்கேன், அந்த எடத்துல சார் தூங்கிட்டீங்க போல. அப்பா வந்தாரு. அதையும் எழுதியிருக்கேன். அந்தப் புள்ளைக்கு ரெண்டும்தான் நடந்துச்சு."

அந்தச் சமயத்தில் வள்ளியின் தகப்பனும் இறந்திருந்தார். தாய் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பேய் பிடித்திருக்கிறது, கோடாங்கியைக் கூட்டிவந்து அடித்து விரட்ட வேண்டும் என்று உறவினர்கள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அதற்கு முதல்நாள் டீச்சர் அங்கே போய், வள்ளியை நாவலை உரக்க வாசிக்கச் சொன்னார். என்ன நடக்கும் பார்க்கலாம் என்று நானும் போயிருந்தேன். கம்பளி சொட்டும் இடம் வந்தபோது தாய் தலையைத் திருப்பினார்.

"அத அடுப்போரமா போடும்மா. காயட்டும்."

மாதக்கணக்கில் அவர் பேசிய முதல் பேச்சு அது. கோடாங்கி வேண்டாம் என்று வள்ளியின் மாமாவே சொல்லிவிட்டார். மறுநாள் டீச்சர் அந்தத் தாயை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். மெல்ல மெல்லத் தேறினார். குணமாக்கியது மாத்திரைதான் என்று டீச்சரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். "ஆமாங்க சார், ஆனா அவங்கள பஸ்ல ஏத்தணுமே" என்று சிரித்தார்.

அடக்கம் முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆசிரியர் அறை ஆணியில் அவருடைய குடை தொங்கியது. சில நாட்களாக மழையே இல்லை. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பின்னாலேயே வந்த வள்ளியும் தொட்டாள். தொட்ட கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள்.

லொறி வராததை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன். டீச்சரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. குடை காய்ந்துதான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசை முடியும்வரை அது அந்த ஆணியிலேயே தொங்கட்டும்.