சொல்லிவைத்த சூப்

என் சித்தப்பா எடையளவுத் துறையில் ஆய்வாளர். கடைகளில் உள்ள தராசுகளும் எடைக்கற்களும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரையிடுவது அவருடைய வேலை. அலுவலகத்தில் அவரைத் ‘தராசு’ என்றே அழைப்பார்கள். நேருக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளமாட்டார். அரசாங்கமே அளித்த பட்டம் போல ஏற்றுக்கொண்டு தலையாட்டுவார்.

இந்த வேலைக்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. ஆய்வாளர் வருவது கடைக்காரருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் குறைந்த கல் சாக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நிறைந்த கல் தட்டில் ஏறிக்கொள்ளும். ஆகவே அன்றைக்கு எந்தத் தெரு என்பதைச் சித்தப்பா மேலதிகாரியிடம்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. வண்டி கிளம்பும் நேரத்தில் ஓட்டுநரிடம் மட்டும் சொல்வார். அந்த ஓட்டுநரை அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. தானிய மொத்த வியாபாரி ஒருவர் துப்புக் கேட்டு ஓட்டுநரைத் தனியே அணுகியபோது, அவர் மறுத்ததோடு நில்லாமல் நேராக வந்து சித்தப்பாவிடம் சொல்லியும்விட்டார். அன்றிலிருந்து இருவரும் அண்ணன் தம்பி மாதிரி. ஓட்டுநர் வயதில் மூத்தவர். அலுவலக வளாகத்துக்குள் இவரை ‘சார்’ என்பார். வாசலைத் தாண்டியதும் ‘தம்பி’ என்பார். சித்தப்பாவுக்கு எங்கேயும் அவர் ‘அண்ணே’தான்.

சித்தி மருத்துவமனையில் செவிலியர். பெரும்பாலும் மாலைப் பணி. மகளும் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்ட பிறகு, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் சித்தப்பா ஓட்டுநரோடு வெளியில் சாப்பிடத் தொடங்கினார். மாலையில் எந்தக் கடை என்பதைக் காலையில் வண்டியில் போகும்போதே இருவரும் பேசிவைத்துக்கொள்வார்கள். வேறொருவராக இருந்தால் வயிற்றை நிரப்பிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். சித்தப்பாவுக்கோ இரண்டு பொருள்களைப் பார்த்தால் எது மேல் என்று தெரிந்தாக வேண்டும். இத்தனை பெரிய நகரத்தில், தெருவுக்குத் தெரு உணவகம் இருக்கும் இடத்தில், அந்தக் குணத்துக்குத் தீனி ஏராளம்.

அதற்கு அவர் ஒரு முறையும் வகுத்துக்கொண்டார். இரண்டு தராசுகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டிலும் ஒரே கல்லைத்தான் வைக்க வேண்டும். ஒரு கடையில் மீனும் இன்னொரு கடையில் கோழியும் தின்றுவிட்டு எது உயர்ந்தது என்று பேசுவது வெட்டிப்பேச்சு என்பது அவருடைய வாதம். எனவே எங்கு போனாலும் அவர் கேட்பவை மூன்றே: தக்காளி சூப், ஆம்லெட், கடைசியில் காபி. சூப்பில் சமையல்காரரின் பொறுமை தெரியும், ஆம்லெட்டில் கை தெரியும், காபியில் வந்தவரை எந்த மனத்தோடு வழியனுப்புகிறார்கள் என்பது தெரியும் என்பார். ஓட்டுநர் தனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்வார். ஆனால் தீர்ப்பில் பங்கெடுப்பார்.

விடுமுறைகளில் சில முறை நானும் அவர்களோடு போயிருக்கிறேன். சித்தப்பா முதல் கரண்டி சூப்பை வாயில் வைத்துக் கண்ணை மூடுவார். ஓட்டுநர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பார்.

“என்ன தம்பி, உயிரோட இருக்கீங்களா?”

“சும்மா இருங்க அண்ணே. தக்காளியை வதக்கித்தான் அரைச்சிருக்காங்க. போன வாரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில வேகவச்சு அரைச்சது. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!”

“எனக்கு ரெண்டும் சிவப்பாத்தான் தெரிஞ்சுது.”

“உங்க நாக்கை சர்வீஸுக்கு விடணும்.”

“வண்டியையே விடமாட்டேங்கிறாங்க, நாக்கை எங்க விடறது!”

இப்படிப் பேசிச் சிரித்து எழுவார்கள். நாளடைவில் சித்தப்பாவின் சொல்லுக்கு மதிப்பு ஏறியது. மாமனார் மாமியாரை எங்கே அழைத்துப் போகலாம், பிள்ளையின் பிறந்தநாளுக்கு எந்தக் கடை, ஓய்வுபெறும் தலைமை எழுத்தருக்கு எங்கே விருந்து வைப்பது என்று அலுவலகமே அவரைத்தான் கேட்கும். போய் வந்தவர்கள் ‘பிரமாதம் சார்’ என்று கைகுலுக்குவார்கள். ஆற்றங்கரைச் சாலையில் இருந்த ஓர் உணவகத்துக்கு அவர் முதலிடம் அளித்திருந்தார். வாசலில் பச்சை வண்ணக் கதவு இருந்ததால் அதை எல்லோரும் ‘பச்சைக்கதவு’ என்போம்.

மகளுக்குத் திருமணம் பேசி முடிந்ததும், சம்பந்தி வீட்டாரை ஒருவேளை வெளியில் உபசரிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. சம்பந்தியம்மா ஏற்கெனவே சித்தப்பாவின் புகழைக் கேள்விப்பட்டிருந்தார்.

“இந்த ஊர்ல உங்களைக் கேட்காம யாரும் வாயில தண்ணிகூட ஊத்திக்கிறதில்லையாமே சம்பந்தி! இடத்தை நீங்களே சொல்லிடுங்க.”

சித்தப்பா ஒரு கணமும் யோசிக்காமல் பச்சைக்கதவு என்றார். அந்த வாரம் ஓட்டுநர் தம் மைத்துனருக்கு அறுவைசிகிச்சை என்று விடுப்பில் போயிருந்தார். வழக்கம்போலச் சித்தப்பா உணவகத்துக்கு எதுவும் தெரிவிக்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடுவது அவரைப் பொறுத்தவரை சாப்பாடே அல்ல.

இரு குடும்பங்களும் சன்னலோரத்து நீள மேசையில் அமர்ந்தோம். யார் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், ஆனால் சூப்பில்தான் தொடங்க வேண்டும் என்று சித்தப்பா கட்டாயப்படுத்தினார். சூப் வந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. கரண்டியை விட்டால் பச்சை மாவு வாடை எழுந்தது. சம்பந்தி கிண்ணத்துக்குள் கரண்டியால் துழாவிக்கொண்டே இருந்தார்.

“என்ன தேடறீங்க?” என்றார் சம்பந்தியம்மா.

“தக்காளி எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு பாக்கறேன்.”

ஆம்லெட் ஓரத்தில் கருகி, நடுவில் வேகாமல் வழிந்தது. சம்பந்தியம்மா அதைத் தட்டின் ஒரு பக்கமாக நகர்த்திவிட்டுச் சிரித்தார். “உங்க தராசு இன்னைக்கு லீவா, சம்பந்தி?”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். திருமணத்துக்கு இதனால் எந்தப் பங்கமும் வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சித்தப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. எழுந்து கல்லாவுக்குப் போனார். கை கழுவப் போன நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

மேலாளர் பதறி எழுந்தார். “சார்! நீங்களா? வந்ததே தெரியலையே! இன்னைக்கு போன் வரலையே சார்?”

“என்ன போன்?”

“டிரைவர் அண்ணன் போன்தான். நீங்க வர்ற அன்னைக்கு மதியமே சொல்லிடுவாரே. உங்களுக்குன்னா மாஸ்டர் சூப்பைத் தனியா வைப்பாரு. மூணே ஐட்டம்தானே சார், அதுல என்ன சிரமம்! மாத்தி மாத்திக் கேக்கிறவங்களைத்தான் சமாளிக்க முடியாது.”

அவர் இதை மறைக்கவில்லை. ஒரு மரியாதையை நினைவூட்டுவது போலப் பெருமையாகவே சொன்னார்.

“எப்ப இருந்து?”

“ஆரம்பத்துல ஒரு தடவை சூப் ஆறிடுச்சுன்னு சத்தம் போட்டீங்களே, அதுக்கப்புறம் எல்லாமே அண்ணன் ஏற்பாடுதான். நாங்களும் அண்ணனுக்குக் குறை வைக்கிறதில்லை சார். ஞாயித்துக்கிழமைன்னா குடும்பத்தோட வருவாரு, அந்த மூலை டேபிள் அவங்களுக்குத்தான்.”

சித்தப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். தம் கிண்ணத்தில் எஞ்சியிருந்த சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்து, “நான்தான் சரியாப் பாக்கலை. மன்னிச்சுக்கங்க,” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் அவர் பதிவறை அம்மாளிடம் போனார். அவருடைய சொல்லைக் கேட்டு அதிகமாக வெளியில் சாப்பிட்டவர் அந்த அம்மாள். தாம் சொன்ன கடைகளை இனி நம்ப வேண்டாம், தமக்கே தெரியாமல் தமக்காகத் தனியாகச் சமைத்திருக்கிறார்கள் என்று சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஐயோ சார், இது எங்களுக்கு எப்பவோ தெரியுமே! முதல் தடவை நாங்க சும்மா போய் மாட்டிக்கிட்டோம். அப்புறம் நீங்க கடை பேரைச் சொன்னதும் நேரா டிரைவர்கிட்டதான் போவோம். அவர் ஒரு போன் போட்டாருன்னா ராஜ உபசாரம்!”

“அப்போ ‘பிரமாதம்’னு எங்கிட்ட சொன்னதெல்லாம்?”

“பிரமாதமாத்தானே சார் இருந்துச்சு? உங்க மனசை எதுக்கு நோகடிக்கணும்னுதான்...”

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. எழுத்தர்கள், பியூன், தட்டச்சர் என ஒரு தளமே அவரைச் சிறு பிள்ளையைப் போலத் தட்டிக்கொடுத்து வைத்திருந்திருக்கிறது. அவர் கண்ணை மூடிச் சுவைத்துச் சொன்ன ஒவ்வொரு தீர்ப்புக்கும் பின்னால் இன்னொருவருடைய தொலைபேசி அழைப்பு இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் கேட்டார்.

“உனக்கும் தெரியுமா?”

சித்தி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “எனக்கெப்படித் தெரியும்? என்னைக்காவது என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?”

வார இறுதிக்கு முன்பு ஓட்டுநர் திரும்பிவிட்டார். அடுத்து நடந்ததைச் சித்தப்பாவே எனக்குச் சொன்னார்; ஓட்டுநரும் பின்னர் தம் பங்கைச் சொன்னார். இருவர் கூற்றிலும் வேறுபாடு இல்லை.

காலையில் ஜீப் அலுவலகக் கொட்டகைக்குள் நின்றது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்து முடித்து ஏறி, வண்டியைக் கிளப்பிவிட்டு உற்சாகமாகத் திரும்பினார்.

“விருந்து எப்படி சார்? சம்பந்தி வீட்டுல மெச்சிக்கிட்டாங்களா?”

“நீங்கதான் போன் பண்ண மறந்துட்டீங்களே, அண்ணே.”

ஓட்டுநர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

“நீங்க அன்னைக்குப் போட்ட சத்தம் உங்களுக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கலை. சமையல்காரரை வெளிய கூப்பிட்டு நிக்க வச்சீங்க. பக்கத்து மேசைக்காரங்க எல்லாம் எழுந்து பாத்தாங்க. நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வர்றவன் நாலு வாய் நிம்மதியாச் சாப்பிட வேண்டாமா? அதான் அடுத்த தடவை முன்னாடியே சொல்லி வச்சேன். நல்லா வந்துச்சு. நீங்களும் சிரிச்சுப் பேசினீங்க.”

“அந்தச் சிரிப்புக்குக் கூலிதான் ஞாயித்துக்கிழமைச் சாப்பாடா?”

“அது அவங்களாக் குடுத்தது. பிள்ளைங்க ஆசைப்பட்டாங்க, போனோம்.”

“எந்தெந்தக் கடைக்குச் சொன்னீங்க?”

“எல்லாத்துக்கும்தான்.”

“ஒண்ணைக்கூட விடலையா? மார்க்கெட் பின்னாடி, பெஞ்சு மட்டும் போட்டிருப்பானே, அந்தச் சின்னக் கடை? ஊர்லயே அவன் காபிதான் நேர்மையான காபின்னு சொன்னேனே?”

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “அவன்கிட்ட போன் கிடையாது. ஆள் விட்டுச் சொன்னேன்.”

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பாதியிலேயே நின்றும் போனது. அதுவரை அவர் மனத்தில் எழாத கேள்வி அப்போதுதான் எழுந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல முறை சொன்னார்.

“அப்போ கடைகளுக்கு ஆய்வுக்குப் போறோமே. அதுவுமா, அண்ணே?”

ஓட்டுநரின் முகம் மாறியது. “வேண்டாம் தம்பி. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம். வேலை விஷயத்துல ஒரு தெரு பேரு என் வாயிலிருந்து வெளிய போயிருந்தா இந்த நாக்கு அழுகிப் போகட்டும். துப்புக் கேட்டவனை உங்க முன்னாடி காட்டிக் குடுத்தவன் நான். அதுவும் இதுவும் ஒண்ணா? இது சாப்பாடு! வெறும் சாப்பாடு!”

“உங்களுக்கு வெறும் சாப்பாடு. எனக்கு நீங்க அதே ஆளுதானே?”

“எம்மேல சந்தேகம்னா சொல்லுங்க, சாவியை இங்கயே வச்சிட்டு வேற செக்‌ஷனுக்கு எழுதிக் குடுத்திடறேன்.”

ஓட்டுநருக்குக் கண் கலங்கிவிட்டது. தாம்தான் ஏமாற்றப்பட்டவர் போல அவர் மூச்சு வாங்கினார். அவர் சொன்னது உண்மை என்றே சித்தப்பா அப்போதும் நம்பினார். இப்போதும் நம்புவதாகவே சொல்கிறார். ஆனால் பச்சைக்கதவின் சூப்பையும் அவர் இதே உறுதியோடுதான் நம்பியிருந்தார். ஒரு நம்பிக்கையை இன்னொரு நம்பிக்கையிலிருந்து பிரித்தெடுத்துத் தனியாகச் சோதிக்க அவரிடம் கல் எதுவும் இல்லை.

“வண்டியை எடுங்க,” என்றார்.

ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வாசலில் காவலாளி சங்கிலியை இறக்கினார்.

“எங்க தம்பி போகணும்?”

“வெளிய போய் இடது பக்கம் திரும்புங்க.”

திரும்பினார். “அடுத்து?”

“நேராப் போங்க. சொல்றேன்.”

அஞ்சல் நிலையம், பள்ளிக்கூடம், துணிக்கடை வரிசை எல்லாம் கடந்தன. எந்தத் தெரு என்று ஓட்டுநர் மறுபடி கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கடைத்தெருவும் ஆலைச் சாலையும் பிரியும் முனையில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தியேவிட்டார். பின்னால் லாரிக்காரர்கள் ஒலிப்பானை அழுத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல், கியரின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கே போக வேண்டும் என்பது சித்தப்பாவுக்கு முந்தைய நாளே முடிவான விஷயம். ஆனாலும் அப்போதுதான் யோசிப்பவரைப் போல இரண்டு சாலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வலது,” என்றார்.